மேட்டில் தொடங்குங்கள், குட்டையைக் கடைசியில் வெட்டுங்கள்: மானாவாரிக்கும் மேய்ச்சல் காட்டுக்கும் மண், மழைநீர் காக்கும் முழு வழிகாட்டி

ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது ஏறக்குறைய 4,000 லிட்டர் தண்ணீர். ஐப்பசியில் ஒரே இரவில் 50 மி.மீ. கொட்டினால் ஏக்கருக்கு 2 லட்சம் லிட்டர். மேட்டுக்காட்டில் அதன் பெரும்பகுதி நிலத்தில் நிற்பதே இல்லை. மேல்மண்ணையும் போட்ட எருவையும் அரித்துக்கொண்டு வாரிக்குப் போய்விடுகிறது.

இதற்குத் தீர்வாகப் பலரும் முதலில் செய்வது, பள்ளத்தில் ஜேசிபியை இறக்கிப் பண்ணைக்குட்டை வெட்டுவது. மேலே இருக்கும் காடு திறந்தே கிடந்தால் அந்தக் குட்டை சில மழைக்காலங்களிலேயே வண்டலால் தூர்ந்துவிடும். மேட்டில் விழும் தண்ணீரை மேட்டிலேயே நிறுத்த வேண்டும், வழியில் மெதுவாக்க வேண்டும், மிச்சம் வருவதைத்தான் குட்டையில் பிடிக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் செலவும் மானியமும் இரண்டும் வீண்.

திருப்பூர், கரூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து மேட்டுக்காடுகளை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது: செம்மண் அல்லது சரளை, 1 முதல் 6 சதவீதம் சரிவு, நான்கைந்து ஏக்கர், கூடவே சில மாடும் ஒரு பட்டி ஆடும். கரிசலில் எங்கே மாற்றிச் செய்ய வேண்டும் என்பது ஆங்காங்கே வரும்.

நிலத்தைப் படிப்பது

கிராம நிர்வாக அலுவலரிடமோ இணையத்திலோ உங்கள் புல எண்ணுக்கான புலப்படத்தின் நகல் ஒன்று வாங்குங்கள். நல்ல மழை பெய்யும்போது குடையோடு காட்டைச் சுற்றி வந்து நான்கு விஷயங்களை அதில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் காட்டுத் தண்ணீர் உள்ளே வரும் இடம், உங்கள் தண்ணீர் வெளியேறும் இடம், மண் அரித்துக் கோடு விழுந்த இடம், தண்ணீர் தேங்கி நிற்கும் இடம். எந்தப் பொறியாளர் வந்தாலும் முதலில் கேட்பது இதைத்தான். வெயில் நாளில் பார்த்துச் சொல்வது பாதி ஊகமாகவே இருக்கும்.

அடுத்தது சரிவு. கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள், மேட்டுக்காட்டில் கண் ஏமாற்றும். கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் மட்டமே போதும். 20 மீட்டர் நீளமுள்ள தெளிவான பிளாஸ்டிக் டியூப், ஒன்றரை மீட்டர் உயரத்தில் சென்டிமீட்டர் குறியிட்ட இரண்டு குச்சிகள் வேண்டும். டியூபில் தண்ணீர் நிரப்பும்போது காற்றுக்குமிழ் ஒன்றுகூட இருக்கக் கூடாது. குமிழ் இருந்தால் மட்டம் பொய் சொல்லும். நடக்கும்போது இரு முனைகளையும் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, குச்சியை ஊன்றிய பிறகு திறங்கள். சரிவின் போக்கில் 10 மீட்டர் தள்ளி இரு குச்சிகளையும் நிறுத்தி, தண்ணீர் மட்டத்தைப் படியுங்கள். வித்தியாசம் 30 செ.மீ. என்றால் சரிவு 3 சதவீதம். மூன்று நான்கு இடங்களில் எடுத்துச் சராசரி பாருங்கள்.

சமமட்டக் கோடு, அதாவது ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடு, போடுவதும் இதே டியூபால்தான். இரண்டு குச்சியிலும் ஒரே அளவு காட்டும் இடத்தில் முளை அடியுங்கள், 10 மீட்டருக்கு ஒன்று. முளைகள் வளைந்து வளைந்து போனால், உழவு மாடோ டிராக்டரோ திரும்பும் அளவுக்கு வளைவை லேசாக நேராக்கலாம். ஆனால் முளையிலிருந்து அரை மீட்டருக்கு மேல் கோட்டை நகர்த்தாதீர்கள்.

உதவி எங்கே கிடைக்கும், எப்போது கேட்க வேண்டும்

மண் வெட்டுவதற்கு முன்னால் இதை முடிக்க வேண்டும். அரசு உதவியோடு செய்யும் வேலையில் முதலில் கள ஆய்வு, பிறகு மதிப்பீடு, பிறகு வேலை உத்தரவு, அதன்பின்தான் மண்வெட்டி. முன்பே வெட்டிவிட்ட குட்டைக்கும் போட்டுவிட்ட வரப்புக்கும் அளவு எடுக்க முடியாது என்பதால் மானியமும் வராது. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. சித்திரை, வைகாசியில் மனு கொடுத்தவருக்கு மழைக்கு முன் வேலை முடியும். புரட்டாசியில் போய்க் கேட்பவருக்கு இலக்கு முடிந்துவிட்டது என்ற பதில் வர வாய்ப்பு அதிகம்.

வேளாண்மைப் பொறியியல் துறைதான் முதல் கதவு. வருவாய்க் கோட்ட அளவில் இருக்கும் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் வரப்பு, தடுப்பணை, குட்டை ஆகியவற்றுக்கு அந்த ஆண்டு என்ன திட்டம் நடப்பில் இருக்கிறது என்று கேளுங்கள். திட்டத்தின் பெயரும் மானிய அளவும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், மாவட்டத்துக்கு மாவட்டம் ஒதுக்கீடும் மாறும். மானியமே கிடைக்காவிட்டாலும் இதே துறை டோசர், டிராக்டர், மண் தள்ளும் இயந்திரங்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது. இ-வாடகை செயலியில் முன்பதிவு செய்யலாம். பெரும்பாலும் வெளி வாடகையைவிடக் குறைவு, ஆனால் கோடையில் வரிசை நீளமாக இருக்கும்.

ஒரே ஓடைக்குத் தண்ணீர் வடியும் முழு நிலப்பரப்பைத்தான் நீர்வடிப்பகுதி என்பார்கள். உங்கள் ஊர் நீர்வடிப்பகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் தமிழ்நாடு நீர்வடிப்பகுதி மேம்பாட்டு முகமையின் வேலைகள் மேட்டிலிருந்து ஓடை வரை முழுப் பகுதிக்கும் சேர்த்துத் திட்டமிடப்படும். தனி ஒருவர் காட்டில் மட்டும் செய்வதைவிட இது பல மடங்கு பலன் தரும். நீர்வடிப்பகுதிக் குழுக் கூட்டத்தில் உங்கள் புல எண் வேலைப் பட்டியலில் ஏறியதா என்பதை நேரில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நூறு நாள் வேலை என்று மக்கள் சொல்லும் ஊரக வேலைத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளின் சொந்த நிலத்திலும் வரப்பு, குழி, குட்டை வேலைகள் நடந்திருக்கின்றன. கிராம சபையில் வேலைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். வேலை அட்டை வேண்டும், பயனாளிக் குடும்பமும் வேலையில் இறங்க வேண்டும். இத்திட்டத்தின் விதிகள் மாறிவருவதால் நடப்பு நிலையை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொட்டுநீர், தெளிப்புநீருக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம். மழை இல்லாமல் பயிர் வாடும்போது குட்டைத் தண்ணீரை உயிர்காக்கும் பாசனமாகக் கொடுக்க நினைப்பவர் குட்டையோடு சேர்த்து இதற்கும் மனு கொடுத்துவிடலாம். தீவன விதை, தீவனம் நறுக்கும் கருவி போன்றவற்றுக்குக் கால்நடை மருந்தகத்தில் உதவி மருத்துவரிடம் கேளுங்கள். உழவன் செயலியில் மானியத் திட்டங்களைப் பார்த்துப் பதிவு செய்யலாம், ஆனால் பதிவோடு நிறுத்தாமல் அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போய் வருவதே வேலையை நகர்த்தும்.

ஆவணங்களில் சிட்டா, அடங்கல், புலப்படம், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், சிறு குறு விவசாயி சான்று, புகைப்படம் தேவைப்படும். விவசாயி அடையாள எண்ணும் கேட்கிறார்கள். மனுக்கள் நிற்கும் இடம் பெரும்பாலும் பட்டாதான். தாத்தா பெயரில் பட்டா இருந்தால் முதலில் பட்டா மாறுதல். கூட்டுப்பட்டா என்றால் மற்றப் பங்காளிகளின் சம்மதக் கடிதம். இதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதால் தை, மாசியிலேயே தொடங்குங்கள்.

வேலை நடக்கும்போது, தொடக்கம், பாதி, முடிவு என மூன்று கட்டத்திலும் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து வையுங்கள். அளவுப் புத்தகத்தில் பதிவதற்கு முன் நீள, அகல, ஆழத்தை நீங்களும் நாடா பிடித்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தொகை குறைந்தால் பேச உங்களிடம் கணக்கு இருக்கும்.

உழவிலேயே பாதி வேலை

கோடை மழை விழுந்ததும் சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். சரிவின் போக்கில் உழும் ஒவ்வொரு சாலும் ஒரு சிறு வாய்க்கால். அடியில் இறுகிய தட்டு இருக்கிறதா என்று பார்க்க, நல்ல மழைக்கு மறுநாள் ஒரு கம்பியைக் குத்திப் பாருங்கள். ஒரு சாண் இறங்கியதும் நின்றுவிட்டால், தட்டை ஆழமாகக் கிழித்து உடைக்கும் உளிக்கலப்பை தேவை. அரை மீட்டர் இடைவெளியில் ஒரு முறை, அதற்குக் குறுக்கே ஒரு முறை, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும். மண் காய்ந்திருக்கும்போது ஓட்டினால்தான் தட்டு உடையும். ஈரத்தில் ஓட்டினால் உளி கோடு மட்டும் கிழித்துவிட்டுப் போகும்.

கரிசலில் 8 மீட்டருக்கு 5 மீட்டர் அளவில் பாத்தி வரப்பு போட்டு வைத்தால் விதைப்பு வரைக்கும் வரும் மழை அங்கங்கே இறங்கும். டிராக்டர் வரப்புக் கருவியால் ஒரு நாளில் பல ஏக்கர் முடித்துவிடலாம்.

ஏரி, குளத்து வண்டல் மண்ணைச் சரளைக் காட்டில் பரப்புவது ஈரம் பிடிக்கும் தன்மையை நேரடியாகக் கூட்டும். வட்டாட்சியர் அனுமதியோடு விவசாயிகள் இலவசமாக எடுக்கலாம். புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர், நன்செய்க்கு 75 கன மீட்டர் என்பது உச்ச அளவு.

சமமட்ட வரப்பு

சமமட்டக் கோட்டின் மேல் போடும் மண் வரப்புதான் சமமட்ட வரப்பு. வரப்புகளின் இடைவெளியைக் கணக்கிட எளிய சூத்திரம் உண்டு. சரிவுச் சதவீதத்தை 3-ஆல் வகுத்து, 2 கூட்டி, 0.3-ஆல் பெருக்குங்கள். கிடைப்பது இரு வரப்புகளுக்கு இடையேயான உயர வித்தியாசம், மீட்டரில். 3 சதவீதச் சரிவுக்கு 0.9 மீட்டர். அதாவது நிலத்தில் 30 மீட்டருக்கு ஒரு வரப்பு. 2 சதவீதத்துக்கு 40 மீட்டர், 4 சதவீதத்துக்கு 25 மீட்டர்.

செம்மண்ணுக்கு அடி அகலம் 1.8 மீட்டர், தலை 45 செ.மீ., உயரம் 60 செ.மீ. போதும். புது மண் இறங்கும், ஆகவே 75 செ.மீ. ஏற்றுங்கள். 30 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 135 மீட்டர் நீள வரப்பு வரும். இறங்கிய அளவில் 91 கன மீட்டர் மண். ஏக்கருக்கு 6 சென்ட் வரப்பின் அடியில் போகிறது என்று மலைக்க வேண்டாம். அந்த 6 சென்டும் புல் விளையும் இடம், கீழே அதைப் பார்ப்போம்.

முளையடித்த கோட்டில் முதலில் புல், வேர், சருகைச் சுரண்டி எடுத்துவிட்டு அடி மண்ணை ஒரு உழவு கொத்திவிடுங்கள். இதைச் செய்யாத வரப்பு பழைய தரைக்கும் புது மண்ணுக்கும் இடையில் கசிந்து உடையும். மண்ணை மேட்டுப்பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். வரப்பின் அடியிலிருந்து 30 செ.மீ. விட்டு, 30 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல், தொடர் வாய்க்காலாக இல்லாமல் இரண்டு மூன்று மீட்டருக்கு ஒரு திட்டு விட்டுவிட்டு வெட்டுங்கள். திட்டு இல்லாமல் ஒரே கோடாக வெட்டினால் தண்ணீர் அதிலேயே ஓடிக் கோடியில் வரப்பை அறுக்கும். 15 செ.மீ. அடுக்காகப் போட்டு, கட்டியை உடைத்து, மண்ணில் லேசான ஈரம் இருக்கும்போது திமிசுக் கட்டையால் இடித்து இறுக்குங்கள். பங்குனி வெயிலில் புழுதியாகக் குவித்த வரப்பு முதல் மழையிலேயே கரையும்.

ஒவ்வொரு வரப்புக்கும் கலிங்கு, அதாவது மிகைநீர் வழிந்து போகும் வழி, கட்டாயம். கல் பதித்து, ஒன்று முதல் இரண்டு மீட்டர் அகலத்தில், தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் வழியும்படி வையுங்கள். இந்த 30 செ.மீ. சும்மா சொன்ன எண் இல்லை. 3 சதவீதச் சரிவில் வரப்புக்குப் பின்னால் தண்ணீர் 10 மீட்டர் தூரம் பரவி நிற்கும். அது 30 மீட்டர் பட்டையிலிருந்து ஓடிவரும் ஏறக்குறைய 50 மி.மீ. தண்ணீருக்குச் சமம். அதற்கு மேல் வருவது பத்திரமாக வழியட்டும். அடுத்தடுத்த வரப்புகளில் கலிங்கை இடக்கோடி, வலக்கோடி என மாற்றி வையுங்கள். ஒரே பக்கம் வைத்தால் அந்தப் பக்கம் ஓடை விழுந்துவிடும்.

அந்த 10 மீட்டர் தேக்கம் செம்மண்ணில் விரைவில் வற்றிவிடும். ஆழமான கரிசலில் நாள்கணக்கில் நின்று பயிரை அழுக்கும், கோடையில் வரப்பே வெடித்து ஓட்டை விழும். அதனால் ஆழக் கரிசலில் சமமட்ட வரப்பு வேண்டாம். 100 மீட்டருக்கு 20 முதல் 40 செ.மீ. வாட்டம் வைத்து, தண்ணீரைப் புல் வளர்ந்த வடிகாலுக்கு நடத்துங்கள்.

அரித்த ஓடைக்குக் கல்தடுப்பு

காட்டுக்குள் விழுந்த சிறு ஓடைக்குச் சிமெண்ட் தேவையில்லை, அடுக்குக்கல் போதும். உயரம் முக்கால் மீட்டர். மேல்தடுப்பின் அடிமட்டமும் கீழ்த்தடுப்பின் தலைமட்டமும் சமமாக வரும் தூரத்தில் அடுத்ததை வையுங்கள். ஓடையின் சரிவு 5 சதவீதம் என்றால் 15 மீட்டர். இரு கரைக்குள்ளும் அரை மீட்டர் வெட்டிக் கல்லைப் புதைக்க வேண்டும். நடுப்பகுதி ஓரத்தைவிட ஒரு அடி தாழ்வாக இருக்க வேண்டும். நடு உயர்ந்த தடுப்பைச் சுற்றித் தண்ணீர் கரையை அறுத்துக்கொண்டு போவது எல்லா ஊரிலும் காணும் தவறு. வழிந்து விழும் இடத்தில் ஒரு மீட்டருக்குக் கல் பரப்புங்கள். ஓடை புறம்போக்கில் இருந்தால் ஊராட்சியின் அல்லது துறையின் அனுமதி இல்லாமல் தொட வேண்டாம்.

பண்ணைக்குட்டை

முதலில் ஒரு சோதனைக் குழி, 3 மீட்டர் ஆழத்துக்கு. நடுவில் சரளையோ உடைந்த பாறையோ வந்தால் தண்ணீர் நிற்காது. அடியில் ஒரு அடி அகல ஆழத்தில் சிறு குழி எடுத்து, நிரப்பி, ஊற விட்டு, மறுநாள் மீண்டும் நிரப்பிப் பாருங்கள். மணிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இறங்கினால் அது கிணற்றுக்கு ஊற்றுக் கொடுக்கும் குட்டை. தண்ணீர் சேமிக்க வேண்டுமென்றால் பிளாஸ்டிக் தாள் விரிக்க வேண்டும்.

அளவு உதாரணமாக, தலை 20 மீட்டருக்கு 20 மீட்டர், ஆழம் 3 மீட்டர், பக்கச்சரிவு ஒன்றுக்கு ஒன்றரை, அதாவது ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் உள்ளே வரும் சரிவு. அடி 11 மீட்டர் சதுரம். கொள்ளளவு 741 கன மீட்டர், அதாவது 7.4 லட்சம் லிட்டர். நிரம்புமா? வடகிழக்குப் பருவத்தில் 300 மி.மீ. பெய்து அதில் 15 சதவீதம் ஓடிவந்தால், இதை ஒருமுறை நிரப்ப நாலு ஏக்கர் நீர்பிடிப்பு வேண்டும். வரப்பு போட்ட காட்டிலிருந்து ஓட்டம் குறையும் என்பதால் கொஞ்சம் சிறிதாகவே திட்டமிடுங்கள். பாதி நிரம்பிய பெரிய குட்டையைவிட நிரம்பி வழியும் சிறிய குட்டை நல்லது.

இங்கே கால்நடைக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 5 மாட்டுக்கு நாளைக்கு 50 லிட்டர் வீதம், 30 ஆட்டுக்கு 6 லிட்டர் வீதம், மொத்தம் 430 லிட்டர். நாலு மாதத்துக்கு 52,000 லிட்டர்தான். அதே நாலு மாதத்தில் நாளைக்கு 6 மி.மீ. ஆவியானால், சராசரி 300 சதுர மீட்டர் நீர்ப்பரப்பிலிருந்து 2 லட்சம் லிட்டருக்கு மேல் வெயில் குடித்துவிடும். அதனால் அகலத்தைக் குறைத்து ஆழத்தைக் கூட்டுங்கள். 3 மீட்டருக்குக் குறைந்த ஆழக் குட்டை கோடைக்குத் தண்ணீர் வைத்திருக்காது.

தண்ணீர் நுழையும் இடத்துக்கு முன்னால் 2 மீட்டர் சதுரம், ஒரு மீட்டர் ஆழத்தில் வண்டல் குழி எடுங்கள். நுழைவிலும் வழிவிலும் கல் பதியுங்கள். வழிவு மட்டம் நுழைவு மட்டத்தைவிடச் சற்றுத் தாழ்வாக இருக்க வேண்டும். தோண்டிய மண்ணைக் கரையிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளிக் கொட்டுங்கள். விளிம்பிலேயே குவித்த மண் அடுத்த மழையில் திரும்ப உள்ளே வரும்.

இந்த அளவுக்கு 500 மைக்ரான் தாள் 24 மீட்டர் சதுரம் பிடிக்கும், கரையில் புதைக்கும் ஒரு மீட்டரும் சேர்த்து. விரிக்கும் முன் கல், வேர் முனை எல்லாம் பொறுக்கி, மணலோ சலித்த மண்ணோ பரப்புங்கள். தாளை இறுக்கி இழுக்காமல் தளர்வாக விடுங்கள். தாளுக்கு வசதியில்லை என்றால் குளத்துக் களிமண்ணை 15 செ.மீ. வீதம் இரண்டு அடுக்கு போட்டு, நனைத்து, ஆடுமாட்டை விட்டு மிதிக்க வைப்பது இன்றும் பலன் தரும் முறை.

மாட்டையும் ஆட்டையும் குட்டைக்குள் இறக்காதீர்கள். குளம்பு கரையை இடிக்கும், தாளைக் கிழிக்கும், சாணமும் சிறுநீரும் சேர்ந்த தண்ணீரைக் குடித்து நோயும் வரும். குழாய் வைத்து வெளியே தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவாருங்கள். குட்டையைச் சுற்றி வேலி வேண்டும். தாள் விரித்த குட்டையில் விழுந்தவர் வழுக்கலில் ஏறவே முடியாது, நீச்சல் தெரிந்தாலும் முடியாது. நாலு மூலையிலும் முடிச்சுப் போட்ட கயிற்றை முளையில் கட்டி உள்ளே தொங்கவிடுங்கள், காற்றடைத்த ஒரு பழைய டயர் டியூபையும் மிதக்க விடுங்கள். வேலி முடியாமல் தண்ணீர் ஏற விடாதீர்கள். ஊர்ப் பிள்ளைகள் வருவார்கள்.

மேய்ச்சல் காடு

காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கத்துக் கொறங்காடு என்ற பாரம்பரிய மேய்ச்சல் நிலம் இதற்கு நல்ல முன்மாதிரி. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல் மரம். காங்கயம் மாடும் மேச்சேரி ஆடும் இதில்தான் வளர்கின்றன. வேலி மண்ணைப் பிடிக்கிறது, புல் ஓட்டத்தைத் தடுக்கிறது, வெள்வேல் காய் கோடையில் ஆட்டுக்குத் தீனி.

புதிதாக ஏற்படுத்த, ஏக்கருக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ கொழுக்கட்டைப்புல் விதையை ஈர மணலோடு கலந்து புரட்டாசியில் தூவி, முள் இழுத்து மேலாக மூடுங்கள். ஆழத்தில் போன விதை முளைக்காது. கூடவே முயல் மசால் என்ற பயறுவகைத் தீவனச் செடியைச் சேர்த்தால் தீவனத்தில் புரதம் கூடும். அதன் விதைத்தோல் கடினம். 80 டிகிரி சூட்டு நீரில் 4 நிமிடம் வைத்து எடுத்து, இரவு முழுதும் குளிர்ந்த நீரில் ஊற வைத்தால் முளைப்பு சீராக வரும். வரப்புச் சரிவிலும் இதே கலவையைப் போடுங்கள். கலிங்கின் இரு பக்கமும் வெட்டிவேர் நாற்றை 10 முதல் 15 செ.மீ. நெருக்கத்தில் நட்டால் அறுப்பு நிற்கும்.

முதல் ஆண்டு புல் விதை கொட்டும் வரை மேய்க்க வேண்டாம், அறுத்துப் போடுங்கள். அதன்பின் காட்டை மூன்று நாலு பட்டியாகப் பிரித்து, புல் ஒரு அடி வந்ததும் விட்டு, 10 செ.மீ. ஆனதும் அடுத்த பட்டிக்கு மாற்றுங்கள். மழை பெய்த மறுநாள் ஈர நிலத்தில் மாட்டை இறக்கினால் குளம்பு மண்ணை இறுக்கி, தண்ணீர் இறங்கும் துளைகளை மூடிவிடும். எல்லாத் தலையையும் ஒரே காட்டில் ஆண்டு முழுதும் விட்டால் கொழுக்கட்டைப்புல் போய்த் துடைப்பப்புல்லும் முள்ளுமே மிஞ்சும்.

முதல் பெருமழைக்குப் பிறகு

மழை விட்டதும், அன்றே, வரப்பு நெடுக நடந்து பாருங்கள். தலையில் ஒரு சாண் இறங்கிய இடம் இருந்தால் உடனே மண் ஏற்றுங்கள், அடுத்த மழை அங்கேதான் ஏறி வழியும். எலிவளை தெரிந்தால் தோண்டி எடுத்து மண்ணை இடித்து அடையுங்கள், மேலே மட்டும் பூசினால் உள்ளே ஓட்டை அப்படியே இருக்கும். கலிங்கின் கீழே குழி விழுந்திருந்தால் கல் நிரப்புங்கள். வண்டல் குழி பாதி நிறைந்ததும் அள்ளிவிடுங்கள். அந்த வண்டல் உங்கள் காட்டிலிருந்து போன மேல்மண்தான், வரப்புக்குப் பின்னால் குழி எடுத்த இடங்களில் கொட்டி நிரவுங்கள்.